டூபலோவுக்குக் குடிவந்தவர்களுக்கு: ஊர்ச் செய்தி வரும் வழிகளும் ஊர் சொல்லும் பெயர்களும்

மிசிசிப்பி மாநிலத்தின் வடகிழக்கில், லீ கவுண்டியின் தலைமை ஊர் டூபலோ. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 37,923. வடக்கு மிசிசிப்பி மருத்துவ மையத்தில் வேலை கிடைத்தோ, பக்கத்து ப்ளூ ஸ்பிரிங்ஸில் உள்ள டொயோட்டா தொழிற்சாலைக்கு மாற்றலாகியோ வருகிறவர்கள் வீடு, பள்ளி, ஓட்டுநர் உரிமம் என்று அலைந்து முடிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். அதுவரை ஊரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றாக இருக்கும்: பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பிறந்த ஊர்.

எல்விஸ் இருக்கட்டும். அவருக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த ஊரில் செய்தி எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது என்பது. டொர்னாடோ எனப்படும் சுழற்காற்று இந்த நகரத்தின் குறுக்கே இரண்டு முறை பெரிய அளவில் போயிருக்கிறது, 1936-இல் ஒன்று, 2014-இல் ஒன்று. அதனால் வானிலை அறிவிப்பை முதலில் வீட்டில் பொருத்துங்கள். அடுத்தது பத்திரிகை. அதற்குப் பிறகு நகர மன்றம், நூலகம், ஊர்ப் பெரியவர்கள். இந்த வரிசையில் போனால், பின்னால் வரும் பெயர்களுக்குப் பொருள் தானாக விளங்கும்.

முதல் வேலை: வானிலை வானொலி

குடிவந்த முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது இது. கைப்பேசி எச்சரிக்கை போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். காற்றில் கைப்பேசிக் கோபுரம் சாய்ந்தால் கைப்பேசி ஊமை. இரவில் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர்களும் உண்டு. தேசிய வானிலை சேவையின் ஒலிபரப்பைப் பிடிக்கும் தனி வானொலிப் பெட்டி அப்படியல்ல. பேசாமல் கிடக்கும், உங்கள் கவுண்டிக்கு எச்சரிக்கை வந்தால் மட்டும் வீட்டையே எழுப்பிவிடும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். கவுண்டிக் குறியீட்டை ஏற்கும் வசதி இருக்க வேண்டும். பெட்டியின் மேல் ‘சேம்’ என்று போட்டிருக்கும். சுவர் மின்சாரத்தில் ஓட வேண்டும். மின்சாரம் போனால் பேட்டரிக்கு மாற வேண்டும். கையால் சுற்றும் சிறிய அவசர வானொலிகள் பலவற்றில் கவுண்டிக் குறியீடு கிடையாது. அவை முகாமுக்குச் சரி, படுக்கையறைக்கு ஆகாது.

பொருத்தும் முறை:

1. பெட்டியை ஜன்னல் பக்கம் வையுங்கள். மைக்ரோவேவ், வைஃபை பெட்டி இரண்டிலிருந்தும் தள்ளியிருக்கட்டும்.

2. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகள் உண்டு. ஒவ்வொன்றாகக் கேட்டு, எதில் குரல் தெளிவாக இருக்கிறதோ அதை நிறுத்துங்கள். சத்தம் பெரிதாக இருப்பதைப் பார்க்காதீர்கள். இரைச்சல் குறைவாக இருப்பதே கணக்கு.

3. இடத்துக்கான மெனுவில் 028081 என்று ஆறு இலக்கமும் பதியுங்கள். முதல் 0 முழுக் கவுண்டி என்பதற்கு, 28 மிசிசிப்பிக்கு, 081 லீ கவுண்டிக்கு. முன்னால் உள்ள சுழியத்தை விட்டுவிட்டு ஐந்து இலக்கம் போடுவதுதான் அடிக்கடி நேரும் தவறு.

4. இங்கே புயல் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். முன்கூட்டித் தெரிய வேண்டுமென்றால் மேற்கே இருக்கும் பான்டடாக் கவுண்டி (028115), தென்மேற்கே இருக்கும் சிக்கசா கவுண்டி (028017) இரண்டையும் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

5. பேட்டரி போடுங்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை மாற்றும் நாளில் பேட்டரியையும் மாற்றிவிட்டால் மறக்காது.

நான்காவதில் ‘வேண்டாம்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பல பெட்டிகள் கடையிலிருந்து வரும்போது எல்லாக் கவுண்டிக்கும் அலறும் நிலையில்தான் இருக்கும். ஏப்ரல் மாத இரவொன்றில் நூறு மைல் தள்ளிப் பெய்யும் மழைக்கெல்லாம் அது அலறும். இரண்டாவது இரவு யாராவது எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். உண்மையான எச்சரிக்கை வருகிற அன்று பெட்டி அலமாரியில் இருக்கும். குறைவாக அலறும் பெட்டியைத்தான் வீட்டில் நம்புவார்கள்.

புதன்கிழமைகளில் நண்பகலை ஒட்டி வாராந்தரச் சோதனை ஒலிபரப்பாகும். உங்கள் பெட்டியில் அதற்கான விளக்கோ ஒலியோ வருகிறதா என்று பாருங்கள். வானிலை மோசமாக இருக்கும் வாரத்தில் சோதனையைத் தள்ளிவைப்பார்கள். தொடர்ந்து சில வாரம் வரவில்லை என்றால் அலைவரிசையோ குறியீடோ தவறு. இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

‘வாட்ச்’, ‘வார்னிங்’ என்று இரண்டு சொல் கேட்பீர்கள். குழப்பிக்கொள்ளக் கூடாத சொற்கள். வாட்ச் என்றால் அடுத்த சில மணி நேரத்துக்குச் சுழற்காற்று உருவாகும் சூழல் இருக்கிறது என்று பொருள். ஓக்லஹோமாவிலுள்ள புயல் கணிப்பு மையம் பல கவுண்டிகளுக்குச் சேர்த்து வெளியிடுவது. வண்டிச் சாவி, செருப்பு, கைப்பேசி மூன்றையும் ஓரிடத்தில் எடுத்து வைக்க வேண்டிய நேரம் அது. வார்னிங் என்றால் ரேடாரில் சுழற்சி தெரிகிறது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். டூபலோவுக்கு இதை வெளியிடுவது மெம்பிஸ் வானிலை அலுவலகம். உடனே தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறைக்குள் போய்விட வேண்டும். வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பது இங்கே பலருக்கும் உள்ள பழக்கம். இரவில் மழைத் திரைக்குள் வரும் சுழற்காற்று கண்ணுக்கே தெரியாது.

தொலைக்காட்சியும் ஊர்களின் வரிசையும்

வானொலி எழுப்பிவிடும், அது கவுண்டி முழுவதற்கும் சேர்த்து ஒலிப்பது. எச்சரிக்கையோ வரைபடத்தில் ஒரு கோணல் கட்டமாக வரும், கவுண்டியின் ஒரு பகுதியை மட்டும் தொடும். எந்தத் தெரு, எத்தனை மணிக்கு என்பதைத் தொலைக்காட்சிதான் சொல்லும்.

டூபலோவின் சொந்த நிலையம் டபிள்யூ.டி.வி.ஏ. ஃபிராங்க் ஸ்பெயின் என்ற பொறியாளர் 1957-இல் தொடங்கியது. 9.1-இல் என்.பி.சி., 9.2-இல் ஏ.பி.சி. சி.பி.எஸ். பார்க்க கொலம்பஸ் நகரத்தின் டபிள்யூ.சி.பி.ஐ., 4-ஆம் எண். பொதுத் தொலைக்காட்சி பூன்வில்லிலிருந்து 12-இல் வருகிறது. தொலைக்காட்சிக் கணக்கில் டூபலோ, கொலம்பஸ், வெஸ்ட் பாயின்ட் எல்லாம் ஒரே சந்தை. அதனால் டூபலோ செய்தியோடு ஸ்டார்க்வில் செய்தியும் கலந்துதான் வரும்.

கேபிள் இல்லாமல் பார்க்கிறவர்கள் ஆன்டெனா வாங்குமுன் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் இணைய வரைபடத்தில் வீட்டு முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நிலையமும் எந்தத் திசையில், உண்மையில் எந்த அலைவரிசையில் வருகிறது என்று காட்டும். திரையில் தெரியும் 9 என்ற எண் பழைய அடையாளம் மட்டுமே. டபிள்யூ.டி.வி.ஏ. வி.எச்.எஃப். பட்டையில் வருவது. சுவரில் ஒட்டும் காகிதம் போன்ற தட்டை ஆன்டெனாக்கள் பெரும்பாலும் யு.எச்.எஃப். பட்டைக்குச் செய்தவை. அதனால்தான் தூரத்துக் கொலம்பஸ் கிடைத்து, உள்ளூர் நிலையம் கட்டம் கட்டமாக உடைகிறது. நீளக் கம்பிகள் உள்ள, வி.எச்.எஃப். என்று தெளிவாகக் குறித்த ஆன்டெனா வாங்குங்கள். வைத்த பிறகு தொலைக்காட்சியில் சேனல் தேடலை மறுபடி ஓட்ட வேண்டும். கனமழையில் டிஜிட்டல் படம் உறைந்துபோவதும் உண்டு, வானொலிப் பெட்டியை முதலில் வைத்தது அதனாலும்தான்.

ஆன்டெனாவைவிட முக்கியமான ஒன்று மிச்சம் இருக்கிறது. புயல் நேரத்தில் வானிலையாளர் ஊர்ப் பெயர்களைத்தான் சொல்வார். கவுண்டி வரைபடம் தெரியாதவருக்கு அது வெறும் சத்தம். ஒரு காகிதத்தில் டூபலோவை நடுவில் எழுதி, சுற்றி இவற்றை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். தெற்கே வெரோனா, அதற்கும் தெற்கே ஷானன், அதையும் தாண்டி ஒகலோனா. தென்கிழக்கே பிளான்டர்ஸ்வில். மேற்கே பான்டடாக். வடமேற்கே பெல்டன். வடக்கே சல்டில்லோ, கன்டவுன், பால்ட்வின். கிழக்கே மூர்வில், அதற்கு அப்பால் ஃபுல்டன். தென்மேற்கே தள்ளி ஹூஸ்டன். இது மிசிசிப்பியின் ஹூஸ்டன், டெக்சஸ் நகரமல்ல. ஒகலோனா, ஷானன் என்று வரிசையாகக் கேட்டால் காற்று கவுண்டியின் கிழக்குப் பக்கம் மூர்வில்லை நோக்கிப் போக வாய்ப்பு அதிகம். ஹூஸ்டன் பக்கமிருந்து வடகிழக்காக வருகிறது என்று கேட்டால் டூபலோ வழியில் இருக்கிறது. அந்த நேரத்தில் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. அமைதியான நாளில் பழகிவிடுங்கள்.

2014 ஏப்ரல் 28 பிற்பகலில் நடந்ததை ஊரில் இன்னமும் சொல்வார்கள். சுழற்காற்று நிலையத்தை நோக்கியே வந்தது. தலைமை வானிலையாளர் மாட் லாபன் நேரலையில் பேசிக்கொண்டிருந்தவர், தம்மோடு வேலை செய்கிறவர்களைப் பார்த்து அடித்தளத்துக்குப் போங்கள், இப்போதே போங்கள் என்று கத்திவிட்டுத் தாமும் திரையிலிருந்து விலகினார். நேயர்கள் கண்டது ஆளில்லாத அரங்கம். பல வீடுகளில் அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறெதுவும் இருந்திருக்காது. இந்த ஊரில் வானிலையாளர் ஊர்ப் பெரியவர்களில் ஒருவராக எண்ணப்படுவதற்குக் காரணம் இப்படிப்பட்ட நாட்கள்தான்.

டெய்லி ஜர்னல்: சந்தா கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது

ஊரின் நாளிதழ் ‘நார்த்ஈஸ்ட் மிசிசிப்பி டெய்லி ஜர்னல்’. இதன் உரிமை வேறு ஊரில் இருக்கும் பெரிய குழுமத்திடம் இல்லை. க்ரியேட் என்ற சமுதாய அறக்கட்டளையிடம் இருக்கிறது. அமெரிக்காவில் இப்படி ஓர் ஏற்பாடு அபூர்வம், அதன் பின்னணி தெரிந்தால் பத்திரிகையைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

வினோனா என்ற ஊரில் பிறந்த ஜார்ஜ் மெக்லீன் 1934-இல், நொடித்துப்போயிருந்த இந்தப் பத்திரிகையை வாங்கினார். 1937-இல் டூபலோ பருத்தி ஆலையில் வேலைநிறுத்தம் வந்தபோது தொழிலாளிகள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எழுதினார். கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். பத்திரிகை மூழ்கியிருக்க வேண்டியது. மெக்லீன் கிராமப்புறப் பண்ணையாளர்களிடம் போனார். சுற்றுவட்டாரக் குடியானவர்கள் கையில் காசு புழங்கினால்தான் மெயின் தெருக் கடைகளில் வியாபாரம் நடக்கும் என்பது அவர் கடைக்காரர்களுக்கு முன்வைத்த கணக்கு. பருத்தி ஒன்றையே நம்பியிருந்த நிலத்தில் பால்பண்ணை வளர்க்க, ஊர் வணிகர்கள் சேர்ந்து பணம் போட்டு உயர்ரக ஜெர்சி காளை வாங்கிச் செயற்கைக் கருவூட்டல் திட்டம் தொடங்கினார்கள். பால் பணம் வாராவாரம் வந்தது, கடைகளுக்கும் வந்தது. 1948-இல் சமுதாய வளர்ச்சி நிறுவனம் உருவாயிற்று. 1972-இல் க்ரியேட் அறக்கட்டளையைத் தொடங்கி, பத்திரிகை அதன் கைக்கே போகும்படி செய்தார் மெக்லீன். 1983-இல் மறைந்தார்.

இப்போது பத்திரிகையைக் கையில் எடுங்கள். கடவுளுக்கும் மனிதகுலத்துக்கும் தொண்டு செய்ய அர்ப்பணித்த உள்ளூர் உரிமைப் பத்திரிகை என்ற பொருளில் ஒரு வாசகம் இதன் அடையாளம். வளர்ச்சி, தொழில், பள்ளி பற்றிய செய்திகளுக்கு இவ்வளவு இடம் ஏன் என்பது மெக்லீனின் கதையிலிருந்து விளங்கும். ஊர் வளர்ச்சியில் தானே பங்காளியான பத்திரிகை இது. அது இதன் பலம். வளர்ச்சித் திட்டம் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, பாதிக்கப்படும் தெருவில் இருப்பவர்களின் குரல் செய்தியில் இருக்கிறதா என்று தேடிப் படிப்பது வாசகரின் வேலை.

சந்தா கட்டுமுன் கேட்க வேண்டியவை: வாரத்தில் எந்தெந்த நாள் அச்சில் வருகிறது, வீட்டு வாசலுக்கு வருகிறதா அஞ்சலிலா, அறிமுக விலை முடிந்ததும் மாதத்துக்கு எவ்வளவு. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டவர்கள்தான் பிறகு சந்தாவை நிறுத்த அலைகிறார்கள். நீங்கள் குடியிருப்பது டூபலோவுக்கு வெளியே என்றால் அதே குழுவின் வார இதழ்களில் ஒன்று உங்களுக்கு நெருக்கமாக இருக்கலாம்: பான்டடாக் ப்ராக்ரஸ், நியூ ஆல்பனி கெஜெட், இட்டவாம்பா கவுண்டி டைம்ஸ், மன்ரோ ஜர்னல், சிக்கசா ஜர்னல்.

முதல் மாதம் இரண்டு பகுதிகளை விடாமல் படியுங்கள். ஒன்று இறப்பு அறிவிப்பு. யாருடைய பிள்ளைகள் யார், எந்தத் தேவாலயம், எந்த ஆலையில் எத்தனை வருடம் என்று ஊரின் உறவுமுறை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவரின் வீட்டில் துக்கம் என்றால் அதில்தான் தெரியும்; அஞ்சலி நேரமும் இடமும் அங்கேயே இருக்கும். இன்னொன்று சட்டபூர்வ அறிவிப்பு. உங்கள் தெருமுனையில் காலிமனையின் மண்டலத்தை, அதாவது அங்கே என்ன கட்டலாம் என்ற வகையை, மாற்ற விண்ணப்பம் வந்தால், செய்தியாவதற்கு முன் பொடி எழுத்தில் இங்கே வரும். மிசிசிப்பி பத்திரிகைச் சங்கம் இந்த அறிவிப்புகளை இணையத்தில் தேடும்படி திரட்டி வைத்திருக்கிறது. தெருப் பெயரைப் போட்டுத் தேடலாம்.

வானொலி, சுருக்கமாக

காரில் டயலைத் திருப்பினால் 88.3-இல் அமெரிக்கன் ஃபேமிலி ரேடியோ வரும். டூபலோவிலிருந்து 1991 முதல் ஒலிபரப்பாகும் கிறிஸ்தவ வானொலி இது. டான் வைல்ட்மன் 1977-இல் தொடங்கிய அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் நடத்துவது, நாடு முழுவதும் நிலையங்கள் உண்டு. ஊரில் இருந்து வருவதால் ஊர்ச் செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். இது தேசிய அளவிலான மத, அரசியல் ஒலிபரப்பு. மாநிலச் செய்திக்கு 89.5, மிசிசிப்பி பொது வானொலி. 580 ஏ.எம். அலைவரிசையில் வரும் டபிள்யூ.இ.எல்.ஓ. நிலையம் 1941-இல் தொடங்கியது, எல்விஸ் கதையில் மறுபடி வரும்.

நகர மன்றம்: மாதத்தில் இரண்டு செவ்வாய்

டூபலோவுக்கு ஒரு மேயர், ஏழு வார்டுக்கு ஏழு உறுப்பினர்கள். முதல், மூன்றாம் செவ்வாய் மாலை 6 மணிக்கு நகர மண்டபத்தில் கூட்டம். போகுமுன் நிகழ்ச்சி நிரலை நகரத்தின் இணையதளத்தில் இறக்கி, உங்கள் வார்டு எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். அஞ்சல் முகவரியில் டூபலோ என்று இருப்பதால் நகர எல்லைக்குள் இருக்கிறோம் என்று ஆகாது. பல வீடுகள் கவுண்டியில் இருக்கின்றன. அவர்களுடைய குறை கேட்பது கவுண்டி மேற்பார்வையாளர் குழு. குடிவந்தவர்கள் முதல் கூட்டத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்த ஒரு குழப்பத்தால்.

ஆவணம் வேண்டும் என்றால் எழுத்தில் கேளுங்கள்: எந்தத் துறை, என்ன ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. மிசிசிப்பி பொது ஆவணச் சட்டப்படி, எழுதப்பட்ட நடைமுறை உள்ள அலுவலகம் 7 வேலை நாளுக்குள் தர வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் சொல்லி 14 வேலை நாள் வரை போகலாம். தேடும் செலவை உங்களிடம் வாங்கலாம். ‘எல்லா மின்னஞ்சலும் வேண்டும்’ என்று கேட்டால் பெரிய தொகைக்கு மதிப்பீடு வரும், கேட்டவர் மனம் தளர்ந்து விட்டுவிடுவார். ஒரு தெரு, ஒரு ஒப்பந்தம், மூன்று மாதம் என்று சுருக்கிக் கேட்டால் செலவும் குறையும், பதிலும் சீக்கிரம் வரும்.

நூலகத்தில் ஒரு பிற்பகல்

லீ கவுண்டி நூலகம் நார்த் மாடிசன் தெருவில் இருக்கிறது. புகைப்பட அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டுபோய் உறுப்பினர் ஆகிவிடுங்கள். பழைய பத்திரிகைகளை நுண்படச் சுருளில் பார்க்கலாமா என்று கேளுங்கள். தலைப்பைச் சொல்லிக் கேட்டால் ஊழியருக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம். சுருள்கள் தேதி வரிசையில் இருப்பவை, தேதியோடு போங்கள். பழக இரண்டு தேதிகள்:

1936 ஏப்ரல். அந்த மாதம் 5-ஆம் தேதி, ஞாயிறு இரவு, ஊரைச் சிதைத்த சுழற்காற்று வந்தது. அதிகாரபூர்வக் கணக்கில் 216 பேர் இறந்தார்கள். அந்தக் கணக்கில் கறுப்பின மக்களின் இறப்பு சரியாகச் சேரவில்லை, பத்திரிகைகள் அவர்களுடைய பெயர்களை வெளியிடும் வழக்கம் அப்போது இல்லை. பழைய பத்திரிகையைப் படிக்கும்போது அச்சில் இருப்பதோடு, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தையாக எல்விஸ் அன்று தப்பிப் பிழைத்தார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். பெயரில்லாமல் போனவர்களை நினைக்கிறவர்கள் குறைவு.

1956 செப்டம்பர் 27. முந்தைய நாள் கண்காட்சி மைதானத்தில் எல்விஸ் பாட வந்த செய்தி. ஆளுநர் வந்து பாராட்டினார், மேயர் கிட்டார் வடிவச் சாவி கொடுத்தார். எட்டு வருடம் முன்பு வறுமையால் ஊரைவிட்டுப் போன குடும்பத்தின் பையன் அவர்.

யார் இந்த ஊர்க்காரர்?

டூபலோவின் பெயர்பெற்றவர்கள் என்று எங்கே பட்டியல் பார்த்தாலும் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: இங்கே பிறந்தாரா, இங்கே வளர்ந்தாரா, இங்கே வாழ்ந்து வேலை செய்தாரா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் மற்றதற்கும் ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்வதுதான் பட்டியல்களைக் கெடுப்பது.

இசைத் தயாரிப்பாளர் டிப்லோ 1978-இல் டூபலோவில் பிறந்தவர், வளர்ந்தது ஃபுளோரிடாவில். ரே ஸ்ரெமர்ட் ராப் இரட்டையர் நேர் எதிர்: பிறந்தது கலிஃபோர்னியாவில், வளர்ந்து பாட்டுக் கட்டத் தொடங்கியது டூபலோவில். ஊர் இளைஞர்களைக் கேட்டால் இவர்களைத்தான் ஊர்க்காரர் என்பார்கள், அது நியாயமும்கூட. செனட்டர் ராஜர் விக்கர் பிறந்தது பான்டடாக்கில், குடியிருப்பது டூபலோவில். கன்ட்ரி இசைப் பாடகி டேமி வைனெட்டை டூபலோ கணக்கில் சேர்ப்பார்கள். அவர் இட்டவாம்பா கவுண்டியின் ட்ரிமான்ட் பக்கத்தவர். இன்னொன்றும் உண்டு. சுற்றியுள்ள கவுண்டிகளுக்கெல்லாம் பெரிய மருத்துவமனை டூபலோவில் இருப்பதால், பிறப்புச் சான்றிதழில் டூபலோ என்று இருக்கும் பலர் வேறு ஊரில் வளர்ந்தவர்களாக இருப்பார்கள்.

எல்விஸுக்கே இந்தச் சிக்கல் உண்டு. 1935 ஜனவரி 8 அன்று அவர் பிறந்தது கிழக்கு டூபலோவில். அது அப்போது தனி ஊர், ஏழைகளின் ஊர். டூபலோவோடு சேர்ந்தது 1946-இல்தான்.

அரசியல் பெயர்களில் ஜான் ரேன்கினைத் தவிர்க்க முடியாது. 1921 முதல் 1953 வரை காங்கிரஸ் உறுப்பினர். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் (டி.வி.ஏ.) என்ற மத்திய அரசு மின்சார அமைப்பை உருவாக்கிய சட்டத்துக்கு உழைத்தவர். 1934 பிப்ரவரியில் ஆணையத்தின் மின்சாரம் முதலில் வந்த நகரம் டூபலோ. அதே ஆண்டு நவம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட் நேரில் வந்து பேசினார். மெயின் தெருவும் க்ளாஸ்டர் தெருவும் வெட்டிக்கொள்ளும் கிராஸ்டவுன் சந்திப்பில் நிற்கும் அம்புக்குறி நியான் பலகையில் ‘முதல் டி.வி.ஏ. நகரம்’ என்று எழுதியிருப்பது அதனால். அதே ரேன்கின் காங்கிரஸில் நின்று கறுப்பின மக்களையும் யூதர்களையும் இழிவாகப் பேசியவர். இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிற வழிகாட்டி அரை வழிகாட்டி.

அவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர் ஜாக் ரீட். மெயின் தெருவில் 1905 முதல் இருக்கும் ரீட்ஸ் கடைக் குடும்பம். 1963 ஜனவரியில், மிசிசிப்பி பொருளாதார மன்றத் தலைவராக, இன ஒருங்கிணைப்பு வந்தாலும் பொதுப் பள்ளிகளை மூடக் கூடாது, சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று பேசினார். வணிகர் ஒருவர் அன்று அப்படிப் பேசுவதற்கு என்ன துணிவு வேண்டும் என்பது, அதற்கு மூன்றே மாதம் முன்பு மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கறுப்பின மாணவர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததற்கு எதிராகக் கலவரம் நடந்ததை அறிந்தவர்களுக்குப் புரியும். ஆனாலும் 1978-இல் காவல்துறையின் அடக்குமுறையை எதிர்த்து யுனைடெட் லீக் என்ற கறுப்பின உரிமை அமைப்பு இதே ஊர்த் தெருக்களில் ஊர்வலம் போக வேண்டியிருந்தது. கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டமும் எதிரே வந்தது.

எல்விஸ் தடத்தில் அரை நாள்

வார நாளில் போங்கள். ஞாயிறு காலை ஊரின் பெரும்பகுதி தேவாலயத்தில் இருக்கும்.

தொடக்கம் 306 எல்விஸ் பிரெஸ்லி டிரைவ். இரண்டே அறை உள்ள மரவீடு. தகப்பனார் வெர்னன் 180 டாலர் கடன் வாங்கிக் கட்டியது. முன்கதவில் நின்றால் பின்கதவு தெரியும். கூடப் பிறந்த இரட்டைக் குழந்தை ஜெஸ்ஸி உயிரில்லாமல் பிறந்ததும் இங்கேதான். குடும்பம் போய்வந்த சிறு தேவாலயத்தையும் இதே வளாகத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து காரில் சில நிமிடம், மெயின் தெருவில் டூபலோ ஹார்ட்வேர். 1946-இல் தாயார் கிளாடிஸ் 7.75 டாலருக்கு முதல் கிட்டார் வாங்கித் தந்த கடை. இன்னமும் ஆணியும் சுத்தியலும் விற்கும் கடைதான். வேலைக்கு வந்த வாடிக்கையாளருக்கு வழிவிட்டு நின்று பாருங்கள். அடுத்து கவுண்டி நீதிமன்றம். அங்கே டபிள்யூ.இ.எல்.ஓ. சனிக்கிழமைகளில் நடத்திய நேரடி நிகழ்ச்சியில் சிறுவன் எல்விஸ் பாடினான். மிசிசிப்பி ஸ்லிம் என்ற உள்ளூர் வானொலிப் பாடகர் அவனுக்குச் சில கிட்டார் பிடிகள் கற்றுத்தந்தார். 1945 கண்காட்சிப் போட்டியில் ஐந்தாம் இடம் வந்த மைதானம் இருந்த இடம் இப்போது ஃபேர்பார்க். 1956 நிகழ்ச்சியின் புகைப்படத்தைப் பார்த்துச் செய்த சிலை அங்கே நிற்கிறது.

பெரும்பாலோர் விட்டுவிடுவது ஷேக் ராக். ரயில் பாதையை ஒட்டி இருந்த கறுப்பினக் குடியிருப்பு, நகர்ப்புறச் சீரமைப்பில் இடிக்கப்பட்டது. டூபலோவை விட்டு 1948 நவம்பரில் மெம்பிஸ் போகுமுன் பிரெஸ்லி குடும்பம் கடைசியாக இருந்தது நார்த் கிரீன் தெருவில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியின் ஓரத்தில். எல்விஸின் காதில் ப்ளூஸ், காஸ்பல் என்ற கறுப்பின இசை வகைகள் விழுந்தது இந்தத் தெருக்களில். இந்த நிறுத்தம் இல்லாமல் போனால் கிட்டார் எங்கே வாங்கினார் என்பது தெரியும், பாட்டு எங்கிருந்து வந்தது என்பது தெரியாது.

உங்கள் பெயர் பத்திரிகையில் வரும்போது

பிள்ளை பள்ளியில் பரிசு வாங்கினாலோ, பொங்கல் விழாவுக்கு ஊரை அழைத்தாலோ உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புங்கள். நிகழ்ச்சி என்றால் இரண்டு வாரம் முன்பே. முதல் வரியில் என்ன, எங்கே, எந்த நாள், எத்தனை மணி, கட்டணம் உண்டா; இரண்டாம் பத்தியில் பொங்கல் என்றால் என்ன என்று மூன்று வரி. தொடர்புக்கு ஒருவரின் பெயர், தொலைபேசி எண். படம் ஒன்றே போதும், சுருக்காத கோப்பாக. படத்தில் இருப்பவர்களின் பெயர் இடமிருந்து வலமாக.

பெயரில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல் வரும். அமெரிக்கப் பத்திரிகைகள் முதல் முறை முழுப் பெயரையும், அடுத்த முறை முதல் கடைசிப் பெயரை மட்டும் போடும். கடவுச்சீட்டில் கடைசிப் பெயர் தகப்பனார் பெயராக இருந்தால், பரிசு வாங்கிய கவிதாவைப் பற்றிய செய்தி முழுக்க ‘முருகேசன் கூறினார்’ என்று வரும். முதலெழுத்தை மட்டும் கொடுத்தால் ‘கவிதா எம்.’ என்று, அடையாளத்தை மறைத்ததுபோல் அச்சாகும். அனுப்பும் மடலிலேயே ஒரு வரி சேருங்கள்: முதல் முறை இன்ன பெயர், அடுத்த முறை முதல் ‘கவிதா’ என்றே போடவும், முருகேசன் அவருடைய தகப்பனார் பெயர். செய்தியாளர் தொலைபேசியில் கூப்பிட்டால் எழுத்து எழுத்தாகச் சொல்லி, அவரைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். அச்சான பிறகும் தவறு இருந்தால் அன்றே எழுதுங்கள். அந்தச் சுருளும் ஒருநாள் நூலகத்துக்குப் போகும்.